தவறிய குண்டுக்குப் பிறகு

மார்ச் மாத வாரக்கடைசியில் ஓஸ்லோவின் முதலாம் எண் மெட்ரோவில் உட்கார இடம் கிடைக்காது. ஏறுகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஸ்கீ. முதுகுப் பைகளில் தெர்மாஸ், ஆரஞ்சுப் பழம், பனியில் போட்டு உட்கார ஒரு மெத்தைத் துண்டு, வெளியே செருகிய தேசியக் கொடி. ரயில் நகரத்தை விட்டு விலகி மலை ஏறுகிறது. கீழே ஃபியோர்டின் நீர் ஈய நிறத்தில் தெரிகிறது. சில நிலையங்கள் தாண்டியதும் நகரத்தின் ஈரம் பனியாக மாறி, கூரைகளும் வேலிகளும் வெளுத்துவிடுகின்றன. ஹோல்மென்கோலன் நிலையத்தில் பெட்டி ஏறக்குறைய காலியாகிவிடுகிறது. அங்கிருந்து மேட்டில் நடக்க வேண்டும். மூடுபனிக்குள் பனித்தாவல் கோபுரம் ஒரு கணம் தெரிந்தது, அடுத்த கணம் காணவில்லை.

என்னை அழைத்துப் போன நண்பர் யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் படிக்க வந்து, திரும்பிப் போக முடியாத காலமாகி, இங்கேயே குடும்பமும் வேலையுமாக நிலைத்துவிட்டவர். அவருடைய பிள்ளைகள் மூவரும் பனிச்சறுக்கில் வளர்ந்தவர்கள். "இஞ்ச பிள்ளையள் நடக்கப் பழகினவுடன ஸ்கீயைக் கட்டிப்போடுவினம், அண்ணை. என்ர மூத்தவள் தமிழ் எழுத்துப் பழக முதல் இந்த மலையில இறங்கினவள்" என்றார். அந்தப் பெருமை அவர் முகத்தில் அப்படியே இருந்தது.

எனக்கு இந்த மலைமேல் ஒரு மனிதரைப் பற்றிய நாட்டம் இருந்தது. ஊலே ஐனார் பியோர்ண்டாலன். ஒலிம்பிக்கில் 8 தங்கம், உலக சாம்பியன் போட்டிகளில் 20 தங்கம் உட்பட 45 பதக்கம், 6 முறை உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தப் பட்டம். எண்களை வீட்டிலிருந்தே படிக்கலாம். அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் வேலை எப்படிப்பட்டது என்பது இந்தக் குளிரில் வந்து நின்றால்தான் பிடிபடும் என்று நினைத்தேன். நினைத்தது சரிதான்.

அவருடைய விளையாட்டு பயாத்லான். முதுகில் துப்பாக்கியைச் சுமந்துகொண்டு பனிச்சறுக்கில் பல கிலோமீட்டர் ஓட வேண்டும். நடுநடுவே சுடுதளத்துக்கு வந்து ஐந்து குண்டு சுட வேண்டும். ஒருமுறை படுத்து, ஒருமுறை நின்று. துப்பாக்கி 3.5 கிலோவுக்குக் குறையக் கூடாது. இலக்கு 50 மீட்டர் தள்ளி இருக்கிறது. படுத்துச் சுடும்போது அடிக்க வேண்டிய வட்டத்தின் குறுக்களவு 45 மி.மீ., சின்ன எலுமிச்சம்பழம் அளவு. நின்று சுடும்போது 115 மி.மீ. ஓட்டமாக மட்டும் இருந்தால் பலம் போதும், சுடுவதாக மட்டும் இருந்தால் அமைதி போதும். இரண்டையும் ஒரே உடம்பில் அரை நிமிட இடைவெளியில் கேட்பதுதான் இதன் கொடுமை. மேட்டில் ஏறி வரும்போது நெஞ்சு நிமிடத்துக்கு 170, 180 முறை அடிக்கும். அதே நெஞ்சின் மேல்தான் துப்பாக்கியின் வார் இறுகியிருக்கும்.

அன்று நடந்த போட்டியில் சுடுதளத்துக்கு நேர் பின்னால் நின்றோம். ஒரு வீரர் வருகிறார். கடைசி நூறு மீட்டரில் வேகத்தைக் குறைக்கிறார். மூச்சு வெண்புகையாக வெளியேறுகிறது, தாடியில் உறைந்த நீர்த்துளிகள். தடிகளைக் கழற்றி விரிப்பின் ஓரம் போடுகிறார். முதுகிலிருந்து துப்பாக்கி முன்னால் வரும் அந்த ஒரே அசைவில் எங்கும் தடுமாற்றம் இல்லை. பனி படாமல் குறிநோக்கியை மூடியிருந்த சிறு மூடியை விரலால் தட்டித் திறக்கிறார். தலை ஒருமுறை நிமிர்ந்து காற்றுக்கொடியைப் பார்க்கிறது. பிறகு எல்லாம் நின்றுவிடுகிறது. டப். ஒரு கறுப்பு வட்டம் வெள்ளையாக மாறுகிறது. கட்டைவிரலும் சுட்டுவிரலுமாக ஆணியை இழுத்துத் தள்ளி அடுத்த குண்டை ஏற்றுகிறார். டப். இந்த .22 துப்பாக்கியின் ஓசை சின்னது, காய்ந்த சுள்ளி முறிவதைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கூட்டத்தின் ஓசைதான் பெரிது. ஒவ்வொரு வட்டம் வெளுக்கும்போதும் ஆயிரக்கணக்கான பேர் ஒரே குரலில் முழங்குகிறார்கள். நல்ல வீரருக்கு அந்த ஐந்தும் முடிய முப்பது வினாடிகூட ஆகாது.

அடுத்து வந்தவர் இளைஞர். நின்று சுடும் சுற்று. முன்தொடை நடுங்குவது உடைக்கு மேலேயே தெரிந்தது. நான்கு வட்டம் வெளுத்தன. ஐந்தாவதுக்கு அவர் நேரம் எடுத்துக்கொண்டார். துப்பாக்கிக் குழல் மெல்ல ஒரு சின்ன வட்டம் போட்டது. கூட்டம் அடங்கியது. சுட்டார். வட்டம் கறுப்பாகவே நின்றது. அரங்கம் முழுக்க ஒரு பெருமூச்சு.

"இனித்தான் பாக்கோணும், அண்ணை" என்றார் நண்பர். "சுட்டதை விடுங்கோ. அந்தத் தண்டனைச் சுற்றில அவன் எப்பிடிப் போறான் எண்டதைப் பாருங்கோ."

தவறிய ஒவ்வொரு குண்டுக்கும் 150 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். சுடுதளத்துக்குப் பக்கத்திலேயே, எல்லோர் கண்ணுக்கும் முன்னால் அந்தச் சுற்றுப்பாதை இருக்கிறது. ஏறக்குறைய 25 வினாடி போய்விடும். அந்த இளைஞர் தோளைத் தொங்கப்போட்டுக்கொண்டு அதில் நுழைந்தார். இரண்டாவது வளைவில் திரும்பி இலக்கைப் பார்த்தார். பயனில்லாத பார்வை. அடுத்த மேட்டுக்குப் போனபோது அவருக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள்.

பியோர்ண்டாலனின் பெருமை எங்கே இருக்கிறது என்று கேட்டால், நான் இந்தச் சுற்றுப்பாதையைத்தான் காட்டுவேன். தவறாமல் சுடுகிறவர் என்று அவருக்குப் பெயர் இல்லை. அவருடைய காலத்திலேயே அவரைவிடத் துல்லியமாகச் சுட்டவர்கள் உண்டு. தவறியபின் ஓடுவதில்தான் அவரை மிஞ்ச ஆள் இல்லை. 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கின் 20 கி.மீ. தனிநபர் போட்டி இதற்குச் சாட்சி. அந்தப் போட்டியில் சுற்றுப்பாதை கிடையாது, தவறிய குண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு நிமிடம் நேரத்தில் கூட்டப்படும். பியோர்ண்டாலன் இரண்டைத் தவறவிட்டார். அதாவது இரண்டு நிமிடச் சுமை. ஜெர்மனியின் ஃபிராங்க் லுக் இருபது குண்டில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. முடிவில் முன்னால் நின்றவர் பியோர்ண்டாலன், அதுவும் அரை நிமிடத்துக்கு மேல் வித்தியாசத்தில். அந்த ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான பயாத்லான் போட்டிகள் மொத்தம் நான்கு. தனிநபர், விரைவோட்டம், துரத்தல், தொடரோட்டம். பத்தே நாளில் நான்கிலும் தங்கம் அவர் கழுத்துக்கு வந்தது. அதற்கு முன்னால் யாரும் அதைச் செய்ததில்லை.

பனித்தாவல் மேடைக்கு அடியிலேயே பனிச்சறுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. 1923இல் தொடங்கியது, உலகில் இவ்வகையில் மிகப் பழையது. நான்சென், ஆமுண்ட்சென் காலத்துத் துருவப் பயணப் பொருட்களை விட்டு நகர எனக்கு மனமே வரவில்லை. பயாத்லானின் வேர் பட்டாளத்தில் இருக்கிறது என்பதும் இங்கே தெளிவாகும். 1767இல் நார்வே, ஸ்வீடன் எல்லைக் காவல் படைகள் ஸ்கீயில் ஓடிச் சுடும் போட்டி நடத்தியிருக்கின்றன. 1960இல்தான் அது இன்றைய பெயரில் ஒலிம்பிக்குக்கு வந்தது. பெண்களுக்கு 1992 வரை காத்திருப்பு.

மறுநாள் நண்பரின் காரில் பியோர்ண்டாலன் வளர்ந்த மோடும் வட்டாரத்துக்குப் புறப்பட்டோம். ஓஸ்லோவிலிருந்து டிராம்மன். பியோர்ண்டாலன் 1974 ஜனவரி 27 அன்று பிறந்த ஊர் அது. அங்கிருந்து ஆற்றோரமாக ஹோக்சுண்ட், பிறகு ஓமோட். ஓமோட்டில் பெரிய ஆற்றோடு வந்து சேர்கிற சின்ன ஆற்றின் பெயர் சிமோவா. அதன் அருவிக்கரையில் பழைய கோபால்ட் நீலச் சாயத் தொழிற்சாலை நிற்கிறது. 1770களில் தொடங்கிய அது ஒரு காலத்தில் உலகத்துப் பீங்கான்களுக்கெல்லாம் நீலம் அனுப்பியது. இந்தப் பள்ளத்தாக்கு சிறியது என்று எண்ணிவிடக் கூடாது என்று எனக்குப் பட்டது. பக்கத்திலேயே விக்கர்சுண்டில் உலகின் மிகப் பெரிய பனிப்பறத்தல் மேடைகளில் ஒன்று இருக்கிறது. 2017இல் ஆஸ்திரியாவின் ஸ்டெஃபான் கிராஃப்ட் அங்கே 253.5 மீட்டர் பறந்து அன்றைய உலக சாதனையை வைத்தார்.

சிமோவா ஆற்றோடு மேலே போனால் சிமோஸ்த்ராண்டா. ஊர் என்று சொல்லும்படி கடைத்தெரு எதுவும் இல்லை. பனி மூடிய வயல்கள், சிவப்புச் சாயம் பூசிய களஞ்சியங்கள், அவற்றுக்குப் பின்னால் உடனே தொடங்கிவிடும் ஸ்ப்ரூஸ் காடு. காரை விட்டு இறங்கியபோது எங்கோ ஒரு டிராக்டர் பனி தள்ளும் ஓசை மட்டும் கேட்டது. இங்கே ஒரு பண்ணை வீட்டில் ஐந்து பிள்ளைகளில் நான்காவதாக வளர்ந்தவர் அவர். அண்ணன் டாக் பயாத்லான் வீரர். தம்பி அவர் பின்னாலேயே போனார். 1998 நாகானோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற நார்வே தொடரோட்ட அணியில் இரண்டு பேரும் இருந்தார்கள். வயலிலிருந்து காட்டுக்குள் ஏறும் சறுக்குத் தடத்தைப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. நம் ஊரில் பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து புத்தகப் பையை எறிந்துவிட்டு மைதானத்துக்கு ஓடுவதுபோல் அல்ல இது. இங்கே வாசலே மைதானம். ஆறு மாதம் வெளியே காலடி வைத்தாலே பயிற்சி. அப்படி வளர்ந்த பிள்ளைகள் நார்வே முழுக்க ஆயிரம் பேர் இருக்க, இவர் ஒருவர் மட்டும் எப்படித் தனித்து நின்றார் என்ற கேள்விக்கு மண் பதில் சொல்லாது.

பதிலில் ஒரு பகுதி அவருடைய பிடிவாதத்தில் இருக்கிறது. சளி, காய்ச்சல் என்று ஒரு வாரம் படுத்தால் ஒரு பருவமே போய்விடும் தொழில் இது. அதனால் அவர் போட்டிக் காலத்தில் யாரோடும் கைகுலுக்குவதைத் தவிர்ப்பார். தங்கும் விடுதி அறைக்குச் சொந்த வேக்குவம் கிளீனரைக் கொண்டுபோவார். இதை வேடிக்கையாக எழுதியவர்கள் நிறைய. எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. தன் உடம்பை ஒரு கருவிபோல் பாதுகாக்கிறவரின் ஒழுக்கமாகவே அதைப் பார்க்கிறேன். மனப் பயிற்சிக்கு அவர் தேர்ந்தெடுத்த ஆள் ஒய்விண்ட் ஹாம்மர், வேக்குவம் கிளீனர் விற்பனையாளராக இருந்தவர். நூறு கதவு முகத்தில் அறைந்து சாத்தப்பட்ட பின்னும் நூற்றோராவது கதவைத் தட்டத் தெரிந்த ஒருவரிடம் தோல்விக்குப் பிறகான மனநிலையைக் கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு வீரருக்குத் தோன்றியிருப்பது எனக்குப் பெரிய விஷயம்.

1994இல் சொந்த நாட்டின் லில்லெஹாம்மர் ஒலிம்பிக்கில் இருபது வயதில் அறிமுகமாகி வெறுங்கையோடு திரும்பினார். 1998இல் நாகானோ. விரைவோட்டப் போட்டி பனிப்பொழிவிலும் மூடுபனியிலும் பாதியில் நிறுத்தப்பட்டது. மறுநாள் முதலிலிருந்து நடத்தினார்கள். 10 கி.மீ. ஓட்டத்தில் அவர் இரண்டாமவரைவிட ஒரு நிமிடத்துக்கு மேல் முன்னால் வந்தார். இந்த விளையாட்டில் அது நம்ப முடியாத இடைவெளி. பிறகு சால்ட் லேக்.

அதற்கப்புறம் வந்த 2006ஐப் பற்றி ரசிகர்கள் அதிகம் பேசமாட்டார்கள். எல்லாப் போட்டியிலும் அவர்தான் வெல்லப்போகிறார் என்ற எதிர்பார்ப்போடு டூரின் ஒலிம்பிக்குக்குப் போனார். கிடைத்தது இரண்டு வெள்ளி, ஒரு வெண்கலம். துரத்தல் போட்டியில் கடைசி நேர்ப்பாதையில், கோடு கண்ணில் தெரியும்போது, பிரான்ஸின் வின்சென்ட் தெஃப்ராஸ்ன் முந்திக்கொண்டார். தங்கமே இல்லை. அதே பருவத்தின் உலகக் கோப்பைப் பட்டத்தை அவர் எடுத்தார் என்பது பலருக்கு நினைவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் ஸ்வீடனின் யெல்லிவாரேயில் துப்பாக்கியே இல்லாத பனிச்சறுக்கு உலகக் கோப்பை ஓட்டம் ஒன்றில் கலந்துகொண்டு, அதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டவர்களையும் வென்றார். 2009இல் பியோங்சாங் உலக சாம்பியன் போட்டியில் நான்கு தங்கம். முப்பத்தைந்து வயது.

பிறகு சரிவு. வான்கூவர் 2010இல் தொடரோட்டத் தங்கமும் தனிநபர் வெள்ளியும் வந்தன என்றாலும், அடுத்த பருவங்களில் அவர் பெயர் பட்டியலின் நடுவே தேட வேண்டியதாயிற்று. அணியில் இளைஞர்கள் வந்துவிட்டார்கள். தார்யே போ, எமில் ஹெக்லே ஸ்வென்சன், பின்னால் தார்யேவின் தம்பி யோஹான்னஸ். ஓய்வு எப்போது என்று கேட்காத பேட்டி இல்லை.

2014 பிப்ரவரி 8, சோச்சி. 10 கி.மீ. விரைவோட்டம். நாற்பது வயது முடிந்து பன்னிரண்டு நாள். பத்துக் குண்டில் ஒன்று தவறியது. 150 மீட்டர் தண்டனைச் சுற்று. ஆஸ்திரியாவின் டொமினிக் லாண்டெர்டிங்கர் ஒன்றையும் தவறவிடாமல் முடித்தார். இறுதிக் கணக்கில் பியோர்ண்டாலன் 1.3 வினாடி முன்னால். குளிர்கால ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்றவர்களில் அன்று அவரே மிக மூத்தவர். சில நாட்களில் கலப்புத் தொடரோட்டத்தில் எட்டாவது தங்கமும் வந்தது. அன்றைய கணக்கில் மொத்தம் 13 பதக்கம். தன் நாட்டவரான பியோர்ன் டாலி பனிச்சறுக்கில் வைத்திருந்த 12 பதக்கக் கணக்கை அதனால் தாண்டினார்.

அந்த 1.3 வினாடியை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். தண்டனைச் சுற்றில் போன 25 வினாடியை மிச்சத் தூரம் முழுக்கத் துளித்துளியாகத் திரும்பச் சம்பாதிக்க வேண்டும். அதற்கு இருபது வயதுக் கால்கள் வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நேற்று அந்த இளைஞர் வளைவில் திரும்பி இலக்கைப் பார்த்தாரே, அந்தப் பார்வையை விட்டொழிக்க ஒரு ஆயுள் பயிற்சி வேண்டும் என்று சிமோஸ்த்ராண்டாவின் சாலையோரத்தில் நின்றபோது உறுதியாகத் தோன்றியது.

முடிவும் இந்த ஊரிலேயேதான் அறிவிக்கப்பட்டது. 2018 ஜனவரியில் பியோங்சாங் ஒலிம்பிக்குக்கான நார்வே அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. தேர்வுக்கு வேண்டிய முடிவுகளை அவர் தரவில்லை, விதி அவருக்காக வளையவும் இல்லை. அது சரியான தீர்ப்பு என்பதே என் எண்ணம். அவர் வேறு வழியில் கொரியா போனார். மனைவி தாரியா டோம்ராச்சேவா பெலாரஸ் வீராங்கனை, சோச்சியில் மூன்று தங்கம் வென்றவர். பெலாரஸ் அணியோடு பியோர்ண்டாலன் நின்றார். டோம்ராச்சேவா கடைசிக் கட்டம் ஓடி அந்த அணிக்குத் தொடரோட்டத் தங்கம் வாங்கித் தந்தார். ஏப்ரல் 3 அன்று பியோர்ண்டாலன் சிமோஸ்த்ராண்டாவில் செய்தியாளர்களைக் கூட்டி, கண்ணீரோடு ஓய்வை அறிவித்தார். இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை வந்திருந்தது. மனம் இன்னும் ஓடத் தயாராக இருந்தும் உடம்பு மறுத்துவிட்டது. இருபது ஆண்டுக்கு மேல் நெஞ்சுத் துடிப்பை அடக்கி அடக்கிச் சுட்டவருக்கு அந்த நெஞ்சே தடை போட்டதை வாசித்த நாளில் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அடுத்த ஆண்டே கணவனும் மனைவியும் சீன தேசிய அணிக்குப் பயிற்சி தரப் போனார்கள்.

திரும்பும் வழியில் காருக்குள் வாக்குவாதம். அவருடைய ஆகச் சிறந்த நாள் சோச்சிதான் என்றேன். நண்பர் ஒப்பவில்லை. சால்ட் லேக்கையும் அவர் சொல்லவில்லை. 2016 மார்ச்சில் இதே ஹோல்மென்கோலனில் நடந்த உலக சாம்பியன் போட்டியைச் சொன்னார். விரைவோட்டத்திலும் துரத்தலிலும் பிரான்ஸின் மார்த்தன் ஃபூர்காடுக்குப் பின்னால் வெள்ளி, எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் கூட்ட ஓட்டத்தில் வெண்கலம், போ சகோதரர்களோடும் ஸ்வென்சனோடும் சேர்ந்து தொடரோட்டத்தில் தங்கம்.

"தம்பி, அதில் தனிநபர் தங்கம் ஒன்றுகூட இல்லையே" என்றேன்.

"நீங்கள் டிவியில பாத்தனீங்கள், அண்ணை. நான் அங்க நிண்டனான். சின்னவளைத் தோளில வைச்சுக்கொண்டு நிண்டனான். நாப்பத்திரண்டு வயசு. ஃபூர்காடு பதினாலு வயசு இளமை. ஒவ்வொரு குண்டுக்கும் சனம் எப்பிடிக் கத்தினது தெரியுமோ? தோத்தவருக்கு அப்பிடிக் கத்தினதை நான் இந்த நாட்டில வேற எங்கயும் கேக்கேல்லை."

சோச்சியின் 1.3 வினாடியை நான் மறுபடி எடுத்தேன். அவர் துரத்தல் போட்டியின் கடைசிச் சுற்றை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். ஹோக்சுண்டைத் தாண்டி டிராம்மன் பாலம் வரும்வரை இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.